கிலோமீட்டருக்கு ஒரு சாண் வாட்டம்: ரோமானிய நகரங்களுக்குத் தண்ணீர் வந்த வழி

ரோமானியர்கள் நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அக்வடக்ட் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான் வரும்: ஆற்றின் குறுக்கே அடுக்கடுக்காக நிற்கும் கல் வளைவுகள். படத்தில் தவறில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் பிழைகள் வரிசை கட்டுகின்றன. முழுத் தூரமும் தண்ணீர் வளைவுகளின் மேலேயே வந்ததாம். ஏதோ பம்பு வைத்து ஏற்றினார்களாம். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது தெரியாததால்தான் பாலம் கட்டினார்களாம். கடைசியில் ஈயக் குழாய்த் தண்ணீரைக் குடித்தே ரோம் அழிந்ததாம். இந்த நான்கையும் நன்றாகப் படித்தவர்கள் சொல்லியே கேட்டிருக்கிறேன். உண்மையில் நடந்தது இதைவிட எளிமையானது. அதே அளவுக்கு வியப்பானதும்கூட.

முதலில் மொட்டை மாடி

வீடு கட்டியவர்களுக்கு 'வாட்டம்' என்ற சொல் தெரிந்திருக்கும். மொட்டை மாடியில் தளம் போடும்போது, மழைநீர்க் குழாய் இருக்கும் மூலையை நோக்கிக் கொத்தனார் தளத்தைக் கொஞ்சம் சரித்துவிடுவார். அந்தச் சரிவுதான் வாட்டம். பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, நடந்தால் காலுக்கும் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டு மாடியில் ஓடு பதித்து முடித்த சாயங்காலம், கொத்தனார் ஒரு குடம் தண்ணீரை நடுவில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் விரிந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு குழாயைப் பார்த்து ஓடியது. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நின்றுவிட்டது. "இங்க ஒரு நூல் ஏறிடுச்சு சார்" என்று சொல்லி நான்கு ஓடுகளைப் பெயர்த்து மறுபடி பதித்தார். ஒரு நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்.

மாடிக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம், அதாவது எட்டு நூல் வாட்டம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய பிரான்ஸில் இருக்கும் நீம் நகரத்துக்கு ரோமானியர்கள் கொண்டுவந்த தண்ணீர்ப் பாதையின் சராசரி வாட்டம் நாற்பதடிக்கு ஒரு நூல். அதை ஒரு மாடி நீளத்துக்கு இல்லை, 50 கிலோமீட்டருக்குப் பிடித்திருக்கிறார்கள்.

அக்வடக்ட் என்பது பாலமா?

இல்லை. இலத்தீனில் 'அக்வா' என்றால் தண்ணீர், 'டூக்டஸ்' என்றால் கொண்டுசெல்லுதல். ஊற்றிலிருந்து நகரம் வரை தண்ணீரைக் கொண்டுவரும் முழுப் பாதைக்கும் அக்வடக்ட் என்று பெயர். அந்தப் பாதை ஒரு பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் மட்டும் பாலம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரில் 1966-இல் கட்டிய தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 115 அடி உயரத்தில் நிற்கும் அந்தத் தொட்டி, ஒரு நீண்ட கால்வாயின் சிறு துண்டு. இரண்டு பக்கமும் கால்வாய் மண்ணோடு மண்ணாகத்தான் போகிறது.

ரோம் நகரத்துக்கு வந்த முதல் அக்வடக்ட் கி.மு. 312-இல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி கட்டிய 'அக்வா அப்பியா'. நீளம் 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் தரைக்கு மேலே தெரிந்தது 100 மீட்டர்கூட இல்லை. கி.மு. 144-இல் தொடங்கிய 'அக்வா மார்சியா' ஏறக்குறைய 91 கிலோமீட்டர். அதிலும் சுமார் 80 கிலோமீட்டர் மண்ணுக்கடியில். நாம் சுற்றுலாப் படங்களில் பார்ப்பதெல்லாம் மிச்சம் இருக்கும் சிறு பங்கு.

மண்ணுக்கடியில் போனதற்குக் காரணங்கள் உண்டு. மூடிய கால்வாயில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், தூசியும் செத்த பறவையும் விழாது, வெயிலில் ஆவியாகாது. மேலே விவசாயமும் தடைப்படாது. பாலம் கட்டுவதைவிடச் செலவும் குறைவு. பாலம் என்பது அவர்களுக்கு வேறு வழியில்லாத இடத்தில் போட்ட செலவு.

ஆக, இதுவரை இரண்டு விஷயம். தண்ணீரை நகர்த்தியது வாட்டம்தான். பம்பு எதுவும் கிடையாது. பாதையின் பெரும்பகுதி நிலத்துக்குள் ஓடிய கால்வாய்.

நீம் நகரத்தின் கணக்கு

இனி அந்த வாட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டு. நீம் நகரத்துக்கு நல்ல ஊற்று ஒன்று உசேஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்தது. நேர்கோட்டில் 20 கிலோமீட்டர்தான். நடுவில் பாறைக் குன்றுகள் குறுக்கே நிற்பதால் பாதை சுற்றி வளைத்து 50 கிலோமீட்டர் ஆனது. ஊற்றுக்கும் நகரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 12.6 மீட்டர். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்.

நம் மாடி வாட்டத்தை அப்படியே போட்டிருந்தால் 50 கிலோமீட்டருக்கு 400 மீட்டருக்கு மேல் இறக்கம் வேண்டும். அவர்கள் கையில் இருந்ததோ 12.6 மீட்டர். அதைப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல்.

எனக்கு இது மாதச் சம்பளத்தைப் போலத் தோன்றும். முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டால் கடைசி வாரம் கை காய்ந்துபோகும். தண்ணீரும் அப்படித்தான். வழியில் எங்காவது அவசரப்பட்டு அரை மீட்டர் அதிகம் இறங்கிவிட்டால், இழந்த உயரத்தைத் திரும்பப் பெற முடியாது. நகரத்துக்குள் வரும்போது மேட்டுத் தெருக்களுக்கு ஏறாது. வேகமாக ஓடும் தண்ணீர் கால்வாயின் பூச்சையும் அரித்துவிடும். சரி, வாட்டத்தைக் குறைத்துவிட்டால்? தண்ணீர் மந்தமாகி வண்டல் படியும், கால்வாய் தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளிதான் பொறியாளருக்கு இருந்தது.

அந்தச் சம்பளத்தையும் எல்லா இடத்திலும் சமமாகச் செலவழிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வழியில் கார்தோன் ஆறு குறுக்கே வருகிறது. அதைத் தாண்டத்தான் புகழ்பெற்ற 'போன் து கார்' பாலம்: மூன்றடுக்கு, ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். ரோமானிய அக்வடக்ட் பாலங்களிலேயே மிக உயரமானது இதுதான். இன்னும் உயரமாகக் கட்ட அவர்களுக்கே துணிவில்லை. அதனால் பாலத்துக்கு முன்பு வரும் பகுதியில் வாட்டத்தைக் கூட்டி, தண்ணீரைச் சற்றுக் கீழே இறக்கிக்கொண்டார்கள். பாலத்தின் உயரம் சில மீட்டர் குறைந்தது. அந்தச் செலவுக்கு ஈடாக, பாலத்தைத் தாண்டிய பிறகு வாட்டத்தைச் சராசரிக்கும் கீழே இழுத்துப் பிடித்தார்கள். அந்த நீளமான பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தண்ணீர் இறங்குவது வெறும் 2.5 சென்டிமீட்டர். எங்கள் கொத்தனார் பத்தடிக்குக் கொடுத்த வாட்டம்.

எப்படி அளந்தார்கள்?

கட்டடக்கலை பற்றி எழுதிய ரோமானியர் விட்ருவியஸ், 'கொரோபேட்ஸ்' என்ற மட்டக் கருவியை விவரிக்கிறார். இருபதடி நீளமுள்ள மரச் சட்டம். இரண்டு முனையிலும் கால்கள், கால்களை ஒட்டித் தூக்குக்குண்டுகள். குண்டின் நூல் காலில் கீறிய கோட்டோடு பொருந்தினால் சட்டம் மட்டமாக இருக்கிறது என்று பொருள். காற்று அடித்து நூல் ஆடினால் என்ன செய்வது? அதற்காகச் சட்டத்தின் மேல்பக்கம் ஒரு நீண்ட பள்ளம் வெட்டி, அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் இரண்டு ஓரத்தையும் ஒரே அளவில் தொட்டால் மட்டம் சரி. இன்று கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒரே பலகையில் சேர்ந்தது போலத்தான்.

கருவி எளிமையானது. அதை ஆயிரக்கணக்கான தடவை பிசகாமல் வைத்து எடுப்பதுதான் கஷ்டம். பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கல்வெட்டே சாட்சி இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய அல்ஜீரியாவில் சால்டே என்ற நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு மலையைக் குடைந்தார்கள். திட்டம் போட்டுக் கொடுத்தவர் நோனியஸ் டாட்டஸ், படையில் மட்டம் பார்க்கும் நிபுணர். இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் ஊர் திரும்பிய பின் வேலை தடுமாறியது. மறுபடி அழைத்தார்கள். வரும் வழியில் கொள்ளையர்கள் தாக்கி, உடைமைகளைப் பறித்து, காயப்படுத்தி அனுப்பினார்கள். எப்படியோ வந்து சேர்ந்து பார்த்தால், இரண்டு சுரங்கங்களின் நீளத்தையும் கூட்டினால் மலையின் அகலத்தையே தாண்டிவிட்டது, இன்னும் சந்திக்கவில்லை! இரண்டு குழுவும் நேர்கோட்டை விட்டுத் தத்தம் வலப்பக்கமாக விலகிப் போயிருந்தன. எல்லோரும் திட்டத்தைக் கைவிடும் மனநிலையில் இருந்தார்கள். டாட்டஸ் மறுபடி அளந்து, இரண்டையும் இணைத்து, தண்ணீரையும் ஓடவிட்டார். தன் கதையைக் கல்லில் வெட்டி, மேலே மூன்று சொற்களைப் பொறித்தார்: பொறுமை, துணிவு, நம்பிக்கை.

இந்த வேலை ரோமானியர்கள் தொடங்கியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அசீரிய மன்னன் செனக்கெரிப், இன்றைய வடக்கு இராக்கில் உள்ள ஜெர்வானில் கி.மு. 690 வாக்கிலேயே கால்வாய்க்குக் கல் பாலம் கட்டிவிட்டான். கிரேக்கத் தீவான சாமோஸில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் யூபலினோஸ் என்பவர் 1,036 மீட்டர் நீளச் சுரங்கத்தை இரண்டு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சந்திக்க வைத்தார். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுரங்கத்தின் தரை ஏறக்குறைய சமமட்டம். தண்ணீருக்கு வாட்டம் வேண்டுமே? அதனால் தரையின் ஓரமாகத் தனியே ஒரு பள்ளம் வெட்டினார்கள். அது ஒரு முனையில் சுமார் 4 மீட்டர் ஆழம், மறுமுனையில் 8 மீட்டருக்கும் மேல். சுரங்கம் ஆளுக்கு, பள்ளம் தண்ணீருக்கு.

கால்வாயின் உள்ளே

கால்வாய் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஓர் ஆள் இறங்கி நடக்கவோ, குனிந்தபடி போகவோ முடியும் அளவு. கல் சுவர், மேலே கல் மூடி அல்லது வளைவுக் கூரை. கால்வாய் நிறைய நிறையத் தண்ணீர் ஓடாது. மேலே காற்றுக்கு இடம் இருக்கும். இப்படிக் காற்றோடு தொடர்பில் இருந்தபடி, சரிவால் மட்டும் ஓடுவதைத் திறந்த ஓட்டம் என்பார்கள். நம் வயல் வாய்க்காலும் திறந்த ஓட்டம்தான். ஆள் போகும் அளவுக்கு இடம் விட்டது தண்ணீருக்காக மட்டுமில்லை, சுத்தம் செய்யப் போகிறவருக்காகவும். அவர் இறங்குவதற்கு அங்கங்கே கிணறு போன்ற துளைகள் விட்டிருந்தார்கள்.

கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியாதா? அதற்கு ஒரு காரை வைத்திருந்தார்கள்: சுண்ணாம்போடு சுட்ட செங்கல், ஓடு ஆகியவற்றை இடித்துக் கலந்த பூச்சு. இது நமக்குப் புதிதில்லை. முல்லைப் பெரியாறு அணையில் பயன்பட்ட சுர்க்கிக் கலவையும் இதே தத்துவம்தான். வெறும் சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்று வேண்டும். சுட்ட மண் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும், தண்ணீரையும் விடாது. உள்சுவரில் இதைப் பூசி, சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டி மழுக்கிவிட்டார்கள். விரிசல் முதலில் விடுவது அந்த மூலையில்தான்.

மரவேர் இன்னொரு எதிரி. கி.மு. 11-இல் ரோமானிய செனட் சபை போட்ட விதிப்படி, ஊற்றுகளுக்கும் வளைவுகளுக்கும் இருபுறமும் 15 அடிக்குள் மரமோ கட்டடமோ இருக்கக் கூடாது. மீறினால் அபராதம்.

பள்ளத்தாக்கு குறுக்கே வந்தால்

திறந்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை: எங்கும் மேலே ஏறக் கூடாது. பள்ளம் வந்தால் மூன்று வழி. சுற்றிக்கொண்டு போகலாம், தூரம் கூடும். பாலம் கட்டலாம். வளைவு வைத்த பாலத்தில் மேலே இருக்கும் எடை வளைவு வழியாக இரண்டு பக்கத் தூண்களுக்கு இறங்கிவிடும். முழுச் சுவரும் எழுப்ப வேண்டியதில்லை, கல் மிச்சம், நடுவில் வெள்ளமும் வண்டியும் போகலாம். ரோம் நகரத்துக்கு வெளியே சமவெளியில் நிற்கும் நீண்ட வளைவு வரிசைகளும் இதற்குத்தான்: தரை சட்டென்று இறங்குகிறது, தண்ணீரோ ஒரு சாண் கணக்கில்தான் இறங்க வேண்டும்.

பள்ளம் 50 மீட்டரைத் தாண்டினால்? அங்கேதான் மூன்றாவது வழி, தலைகீழ் சைஃபன். பெயர்தான் பயமுறுத்தும். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் ஒரு நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறு முனையை அந்தத் தூணிலும் பிடித்து மட்டம் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டியூப் நடுவில் தரையில் தொங்கிக் கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையைக் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் பக்கம் வழியும். அவ்வளவுதான் சைஃபன். பள்ளத்தாக்கின் இந்தக் கரையில் ஒரு தொட்டி, அங்கிருந்து மூடிய ஈயக் குழாய்கள் சரிவில் இறங்கி எதிர்க்கரையில் ஏறும். அங்கே சற்றுத் தாழ்வான இன்னொரு தொட்டியில் தண்ணீர் தானாக விழும்.

பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு வந்த சுமார் 85 கிலோமீட்டர் ழியே அக்வடக்டில் இப்படி நான்கு இடங்கள் இருந்தன. அவற்றில் பொனான் என்ற இடத்துப் பள்ளம் 120 மீட்டருக்கும் மேல். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு வைத்தால், அடியில் குழாய்ச் சுவரைத் தள்ளும் அழுத்தம் 12 மடங்கு. தகட்டை வளைத்துப் பற்றவைத்த ஈயக் குழாய் அதைத் தாங்கியிருக்கிறது. ஆகவே தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பாலம் கட்டினார்கள் என்றால், டன் டன்னாக ஈயம் வாங்கிப் பற்றவைத்து, கசிவைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிடக் கல் பாலம் லாபம் என்பதால்தான்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: வழக்கமாகத் திறந்த ஓட்டம், மிதமான பள்ளத்துக்கு வளைவுப் பாலம், மிக ஆழமான பள்ளத்துக்கு மட்டும் மூடிய குழாயில் அழுத்த ஓட்டம்.

ஊருக்குள் வந்த பிறகு

நகரத்தின் மேடான ஓரத்தில் கால்வாய் முடியும். அங்கே ஒரு பங்கீட்டுத் தொட்டி, இலத்தீனில் 'காஸ்டெல்லம்'. நம் மேல்நிலைத் தொட்டி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நீம் நகரத்துத் தொட்டி இன்றும் இருக்கிறது. வட்ட வடிவம், ஐந்தரை மீட்டர் விட்டம், சுவரில் பத்துத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய், ஊரின் ஒவ்வொரு பக்கத்துக்கு.

தொட்டி மேட்டில் இருப்பதால் பள்ளத் தெருக்களுக்குத் தண்ணீர் மிகுந்த அழுத்தத்தோடு வரும், குழாய் வெடிக்கும். பொம்பெய் நகரத்தில் இதற்குத் தெருமுனைகளில் ஆறு மீட்டர் உயரத் தூண்கள் எழுப்பினார்கள். தண்ணீர் தூணில் ஏறி உச்சியிலுள்ள ஈயத் தொட்டியில் விழும். அங்கே பழைய அழுத்தம் எல்லாம் தீர்ந்துவிடும். பிறகு ஆறு மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தோடு மட்டும் அக்கம்பக்கத்துக்கு இறங்கும். ஏறி இறங்கிய குழாய்கள் இருந்த பள்ளங்களையும், வழிந்த தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவையும் அந்தத் தூண்களில் இன்றும் பார்க்கலாம்.

பெரும்பாலான மக்கள் தெருமுனைத் தொட்டியில்தான் குடம் நிறைத்தார்கள். தொட்டி இரவும் பகலும் வழிந்துகொண்டே இருக்கும். வீண் என்று நமக்குத் தோன்றும். வழிந்தது தெருவைக் கழுவி, சாக்கடையைத் தள்ளிக்கொண்டு போனது. பொதுக் குளியல் கூடங்களுக்கும் அதே தண்ணீர். வீட்டுக்குத் தனி இணைப்பு என்பது அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும். அதற்கு அளவு குறித்து முத்திரை போட்ட வெண்கல மூக்கு ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் துளைதான் உங்கள் பங்கு.

அனுமதி என்று ஒன்று இருந்தால் திருட்டும் இருக்குமே. கி.பி. 97-இல் ரோம் நகரத்தின் தண்ணீர்த் துறைத் தலைவராக வந்த ஃபிரான்டினஸ் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் நேற்று நடந்தது போலிருக்கும். முத்திரையில்லாத மூக்குகள், அனுமதித்ததைவிடப் பெரிய துளைகள், தெருவுக்கடியில் குழாயை ரகசியமாகத் துளைத்து எடுத்த இணைப்புகள். அந்தக் கள்ள இணைப்புகளைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயமே கணிசமாக இருந்ததாம். துறையில் 700 அடிமைகள் பழுது பார்ப்பதற்கும் பூசுவதற்கும் தொட்டிகளைக் கவனிப்பதற்கும் இருந்தார்கள். எந்த அக்வடக்ட் தண்ணீர் குடிக்க, எது தோட்டத்துக்கு என்றும் அவர் பிரித்தார். தெளிந்து குளிர்ந்த மார்சியா தண்ணீர் குடிப்பதற்கு. அடிக்கடி கலங்கி வரும் பழைய அனியோ தண்ணீர் தோட்டத்துக்கும் இன்ன பிற வேலைக்கும்.

ஈயம் ரோமைக் கொன்றதா?

ஊற்றிலிருந்து ஊர்வரை பெரும்பாலும் கல் கால்வாய். ஈயம் முக்கியமாக ஊருக்குள் ஓடிய குழாய்களில். தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்ததால் குழாயில் தங்கி ஊறவில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீர் குழாயின் உட்புறத்தில் ஒரு படிவையும் பூசிவிடும். அதற்காக ஈயமே கலக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பழைய துறைமுக வண்டலை ஆராய்ந்தவர்கள், ரோம் குழாய்த் தண்ணீரில் ஊற்று நீரைவிட நூறு மடங்கு வரை ஈயம் இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆனாலும் ஒரு பேரரசைச் சாய்க்கும் அளவு இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஈயம் உடம்புக்கு ஆகாது, சுட்ட மண் குழாயே நல்லது என்று விட்ருவியஸ் அன்றே எழுதியும் இருக்கிறார்.

தண்ணீர் எப்படி நின்றது?

ரோமில் ஒரு பெரிய அடி கி.பி. 537-இல் விழுந்தது; நகரத்தை முற்றுகையிட்ட கோத் படையினர் அக்வடக்டுகளைத் துண்டித்தார்கள். நீம் நகரத்தில் நடந்தது வேறு. அங்கே பராமரிப்பு குறைந்தது, அவ்வளவுதான். உசேஸ் ஊற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். நம் வீட்டு வாட்டர் ஹீட்டரில் வெள்ளையாகப் படியுமே, அதே சங்கதி. சுரண்ட ஆள் போகாத கால்வாயில் அது ஆண்டுதோறும் இரு பக்கச் சுவரிலும் ஏறியது. சில இடங்களில் அரை மீட்டர் தடிமனை நெருங்கி, தண்ணீர் போகும் வழியையே பாதியாக்கிவிட்டது. தண்ணீர் நின்ற பிறகு அந்தப் பக்கத்து மக்கள் கால்வாய்க்குள் இறங்கி, கெட்டியாகிக் கிடந்த அந்தப் படிவைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து, தங்கள் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் சுவர் எழுப்பினார்கள். சுவரில் இருக்கும் அந்தக் கற்களை வெட்டுவாயில் பார்த்தால் மெல்லிய வரி வரியாகத் தெரியும்.